அத்தியாயம் 7: லோத்குண்டாவிலிருந்து கிரீன்பெல்ட் விழாவுக்கு

கிறிஸ்தவ இசை விழா என்று சொன்னவுடன் ஹைதராபாதின் லோத்குண்டாவிலுள்ள நம் தமிழ்ச் சபைக்காரர்கள் கன்வென்ஷன் பந்தலைத்தான் நினைத்துக்கொள்வார்கள். ஜமக்காளம் விரித்த தரை, ஒரே மேடை, ஒரே பிரசங்கியார், நடுநடுவே பாடகர் குழு. கேரளத்தில் பம்பை ஆற்று மணலில் 1895 முதல் நடக்கும் மாராமண் கன்வென்ஷனைப் பார்த்தவர்களுக்கு இது பழக்கமான காட்சி. இங்கிலாந்தின் கிரீன்பெல்ட் விழாவுக்குக் கிளம்புகிறவர் அந்தப் படத்தை முதலில் மனத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். அங்கே ஒரே நேரத்தில் பல கூடாரங்களில் பல காரியங்கள் நடக்கும். ஒன்றில் ராக் இசை, பக்கத்தில் நாடகம், அதற்கடுத்து கடன் சுமையில் தவிக்கும் ஏழை நாடுகளைப் பற்றி ஒரு பேச்சு, மரத்தடியில் கவிதை வாசிப்பு, ஒரு மூலையில் மௌன ஜெபம். எதற்குப் போவது, எதை விடுவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுந்து வருகிறவருக்கு இந்த விழா பாதிதான் கிடைக்கும். தன் பங்குக்கு எதையாவது கொண்டுபோகிறவருக்கே முழுதும் கிடைக்கும். இந்த அத்தியாயத்தில் சொல்லும் யோசனைகள் எல்லாம் அந்த எண்ணத்தோடுதான் சொல்லப்படுகின்றன.

எப்படிப்பட்ட விழா

1974-ல் சஃபோக் மாவட்டத்தின் சார்ஸ்ஃபீல்ட் என்ற கிராமத்தில், ஒரு பண்ணை நிலத்தில் இளைஞர்கள் கூடித் தொடங்கியது இது. தேவாலயத்துக்குள் இடம் கிடைக்காத ராக் இசைக்கு வெட்டவெளியில் இடம் தேடினார்கள். அதன்பின் இடம் மாறிக்கொண்டே இருந்தது. பெட்ஃபர்ட்ஷயரில் ஓடெல் காசில், பிறகு நெப்வர்த், காசில் ஆஷ்பி, டீன் பார்க், 1999 முதல் செல்ட்டனம் குதிரைப் பந்தய மைதானம், 2014 முதல் நார்தாம்டன்ஷயரில் கெட்டரிங் ஊருக்குப் பக்கத்திலுள்ள பௌட்டன் ஹவுஸ் என்னும் பிரபு மாளிகையின் புல்வெளி. ஓடெலில் நடந்த 1981 விழாவில் யு2 குழுவினர் நிகழ்ச்சி நிரலில் பெயர் இல்லாமலே வந்து வாசித்துவிட்டுப் போனது இன்றும் பேசப்படுகிறது. நம் லக்னோவில் பிறந்த கிளிஃப் ரிச்சர்டும் இங்கே பாடியிருக்கிறார். கொரோனாவால் 2020-ல் விழா நடக்கவில்லை. 2024-ல் ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடினார்கள்.

வழக்கமாக நடப்பது ஆகஸ்ட் மாதக் கடைசி திங்கட்கிழமை விடுமுறையை ஒட்டிய வாரக் கடைசியில். அண்மை ஆண்டுகளில் வியாழன் தொடங்கி ஞாயிறு இரவோடு முடிகிறது. இத்தனை முறை இடம் மாறிய விழா என்பதால் தேதியையும் இடத்தையும் அந்தந்த ஆண்டு விழாவின் இணையதளத்தில் பார்த்து உறுதி செய்த பிறகே மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

இன்னொன்றையும் முன்னமே சொல்லிவிட வேண்டும். இது எல்லாருக்கும் ஏற்ற விழா அல்ல. வளாகத்துக்குள் ‘ஜீசஸ் ஆர்ம்ஸ்’ என்ற பெயரில் பீர் விற்கும் கூடாரம் உண்டு. ஒருபால் ஈர்ப்புள்ளவர்களை இந்த விழா வெளிப்படையாக வரவேற்கிறது. பாலஸ்தீனம், பருவநிலை, அகதிகள் என்று அரசியல் பேச்சும் தாராளம். மது என்ற சொல்லையே சபைக்குள் உச்சரிக்காத குடும்பத்திலிருந்து வரும் மூத்தவர்களை, இதைச் சொல்லாமல் அழைத்துப்போவது சரியல்ல. சொல்லி அழைத்துப்போனால், தாங்கள் ஏற்காததையும் நின்று கேட்டுவிட்டு வரக்கூடிய பெரியவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆராதனைப் பாடல்கள் மட்டும் போதும், குடும்பத்தோடு நிம்மதியாகப் பாடிவிட்டு வந்தால் சரி என்பவர்கள், மே மாதக் கடைசியில் சசெக்ஸில் நடக்கும் பிக் சர்ச் ஃபெஸ்டிவலைத் தேர்ந்தெடுக்கலாம். 2009-ல் தொடங்கிய அந்த விழாவின் போக்கு நம் கன்வென்ஷன் பழக்கத்துக்கு நெருக்கமானது. விசா, பயணம் பற்றி இங்கே சொல்வதில் தேதிகளும் ரயில் வழியும் தவிர மற்றவை அதற்கும் பொருந்தும்.

என்னைக் கேட்டால் கிரீன்பெல்ட் என்பேன். கலை, விசுவாசம், நீதி மூன்றையும் ஒரே புல்வெளியில் உட்காரவைத்து, ஒன்றோடொன்று வாதாடவிடும் இடம் நம் திருச்சபைகளில் எனக்குத் தெரிந்து இல்லை.

விசா

இந்தியப் பாஸ்போர்ட்காரருக்கு வேண்டியது பிரிட்டனின் ‘ஸ்டாண்டர்ட் விசிட்டர்’ விசா. விழாவுக்கென்று தனி விசா கிடையாது. பார்வையாளராகப் போவதற்கு விழாக்காரர்களின் அழைப்புக் கடிதமும் தேவையில்லை. ஆறு மாதம் வரை தங்க அனுமதிக்கும் இந்த விசாவின் கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண்டாக உயர்ந்தது. பிறகு மாறியிருக்கலாம், விண்ணப்பிக்கும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். மறுக்கப்பட்டால் பணம் திரும்பி வராது.

பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்புதான் விண்ணப்பிக்க முடியும். ஆகஸ்ட் மூன்றாம் வாரம் கிளம்புகிறவருக்கு மே கடைசியில் வாசல் திறக்கிறது. முடிவு வர வழக்கமாக மூன்று வாரம். ஆனால் ஹைதராபாதில் ஒரு சிக்கல் உண்டு. செப்டம்பரில் கல்லூரி சேரும் மாணவர்கள் ஜூன் பிற்பாதியிலிருந்து விசா விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் மையத்தில் குவியத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே ஜூன் முதல் வாரத்திலேயே கைரேகையும் புகைப்படமும் கொடுத்து முடித்துவிடுவது நல்லது. ஜூலை வரை தள்ளிப்போட்டுவிட்டு, அவசரக் கட்டணம் கட்டி அலைபவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம்.

விண்ணப்பத்தைப் படிக்கும் அதிகாரி இரண்டு கேள்விகளுக்குத்தான் பதில் தேடுகிறார். இவரால் செலவைத் தாங்க முடியுமா? முடிந்ததும் திரும்பிப் போவாரா? உங்கள் தாள்கள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். ஆறு மாத வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு, வருமான வரித் தாக்கல், அலுவலகத்தின் விடுப்புக் கடிதம், விழா டிக்கெட், தங்குமிடம், நாள்வாரியான திட்டம். ஓய்வு பெற்றவர் ஓய்வூதிய ஆணையை வைக்கலாம். லோத்குண்டா, அல்வால், பொலாரம் பக்கம் ராணுவ ஓய்வூதியக் குடும்பங்கள் அதிகம். அந்த ஆணை மிக நல்ல சான்று. தெலுங்கிலோ தமிழிலோ உள்ள ஆவணம் எதுவானாலும் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும்.

வங்கிக் கணக்கு விஷயத்தில் ஒரு தவறான பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. விண்ணப்பிக்கும் முந்தைய வாரம் மைத்துனரிடம் மூன்று லட்சம் வாங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, விசா வந்ததும் திருப்பிக் கொடுப்பது. மாதம் 40,000 சம்பளம் வரும் கணக்கில் திடீரென்று மூன்று லட்சம் வந்தால், அதிகாரி முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். சிறிய தொகையானாலும் மாதாமாதம் சேர்ந்த பணமே நம்பிக்கை தரும். இரண்டு வருஷம் சீட்டுக் கட்டி எடுத்த பணம் என்றால், சீட்டு நிறுவனத்தின் பாஸ்புத்தகத்தை இணைத்து இரண்டு வரியில் விளக்கம் எழுதுங்கள். பொய்த்தாள் கொடுத்ததாகத் தெரிந்தால் பத்து ஆண்டு வரை விண்ணப்பமே மறுக்கப்படும். முன்பு எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

இங்கிலாந்தில் மகளோ மருமகளோ செவிலியராக இருக்கும் வீடுகள் இப்போது ஏராளம். அவர்கள் செலவை ஏற்பதாக இருந்தால் அவர்களுடைய குடியேற்ற அனுமதிச் சான்று, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, கையொப்பமிட்ட கடிதம் நான்கும் வேண்டும். மகளைப் பார்க்கவும் போகிறோம், விழாவுக்கும் போகிறோம் என்றால் இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் சுலபம் என்று ஏஜென்ட் சொல்லக்கூடும். கேட்காதீர்கள்.

அடுத்தது சபைக் கடிதம். பாடகர் குழுவில் இருப்பவர் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆயரைப் பிடித்து, “ஐயா, நல்லா ஸ்ட்ராங்கா ஒரு லெட்டர் குடுங்க” என்று கேட்பார். ஐயாவும் அன்பு மிகுதியால், இவர் மிகுந்த பக்திமான், ஜெப வீரர், இவருக்கு விசா கொடுத்தால் தேவன் உங்களை ஆசீர்வதிப்பார் என்று ஒரு பக்கம் எழுதிவிடுவார். அதிகாரிக்கு இது எதுவும் பயன்படாது. கடிதத்தில் இருக்க வேண்டியவை மூன்றே செய்திகள்: எந்த ஆண்டு முதல் இந்தச் சபையில் அங்கத்தினர், பாடகர் குழுவில் என்ன பொறுப்பு, விழா முடிந்து எந்தத் தேதி முதல் மறுபடி அந்தப் பொறுப்புக்குத் திரும்புகிறார். முகவரியும் முத்திரையும் தெளிவாக இருக்கட்டும். அரைப்பக்கம் போதும்.

பார்வையாளர் விசாவில் போகிறவர் கூலிக்கு வேலை செய்யக் கூடாது. பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில், பயணத்தின் முதன்மை நோக்கமாக இல்லாமல், 30 நாளுக்கு மிகாமல் தொண்டு செய்ய விதி இடம் தருகிறது. கிரீன்பெல்ட்டும் தொண்டு நிறுவனம்தான். தொண்டர்கள் உழைப்பில்தான் அந்த விழாவே நிற்கிறது. ஆனாலும் முதல் முறை டிக்கெட் வாங்கி விருந்தினராகப் போங்கள். தொண்டராகப் போகும் ஆசை இருந்தால் விழா அலுவலகத்துக்கு எழுதி, அவர்கள் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த முறை முயலுங்கள். சம்பளம் வாங்கி மேடையில் பாடுவதற்கு விதிகள் வேறு. மேடை கிடைத்தவர்கள் விழாக்காரர்கள் சொல்கிறபடி செய்யட்டும்.

விழா டிக்கெட் சீக்கிரம் வாங்கினால் விலை குறைவு. விமான டிக்கெட்டை மட்டும் விசா வந்த பிறகே வாங்குங்கள். விசாவுக்கு அது கட்டாயமில்லை. பயணக் காப்பீட்டைச் சிக்கனம் என்று விட்டுவிட வேண்டாம். பிரிட்டனில் அவசர சிகிச்சைப் பிரிவில் காட்டுவது இலவசம், ஆனால் படுக்கையில் சேர்த்துவிட்டால் வெளிநாட்டுப் பார்வையாளருக்குக் கட்டணம் கடுமையாக வரும்.

பயணம்

ஹைதராபாதிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸின் நேர் விமானம் இருக்கிறது. துபாய், தோஹா வழியாகப் போனால் சில சமயம் கட்டணம் குறையும், ஆனால் மூத்தவர்களுக்கு அலைச்சல். லோத்குண்டா ஹைதராபாதின் வடகோடி, ஷம்ஷாபாத் விமான நிலையம் தென்கோடி. பகலில் நெரிசல் மிகுந்த ராஜீவ் ரஹதாரி நெடுஞ்சாலையை நம்பிக் கிளம்பாமல், மேட்சல் பக்கமாகப் போய் வெளிவட்டச் சாலையைப் பிடிப்பது நிம்மதி. தனியாகப் போகிறவர் ஜூபிலி பஸ் நிலையப் பக்கமிருந்து விமான நிலையத்துக்குப் போகும் புஷ்பக் பேருந்தில் போகலாம். திரும்பும் நாளை முடிவு செய்யும்போது விநாயகர் சதுர்த்தி எந்த நாளில் வருகிறது என்று பாருங்கள். 2025-ல் அது ஆகஸ்ட் 27. ஊர்வல நாட்களில் ஷம்ஷாபாதிலிருந்து வீடு வந்து சேர அரைநாள் ஆகலாம். வேளாங்கண்ணிக் கொடியேற்றமும் ஆகஸ்ட் 29. வழக்கமாகப் போகும் குடும்பங்கள் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும்.

ஹீத்ரோவில் இறங்கியதும் பிக்கடில்லி சுரங்க ரயிலில் ஏறினால், மாறாமல் கிங்ஸ் கிராஸ் செயின்ட் பாங்க்ரஸ் வந்துவிடலாம். ஒரு மணி நேரம். அங்கே செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்திலிருந்து ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் ரயிலில் கெட்டரிங் இன்னொரு மணி நேரம். ரயில் டிக்கெட்டை முன்பதிவு செய்தால் விலை வெகுவாகக் குறையும். ஆகஸ்ட் விடுமுறை வாரத்தில் அங்கே தண்டவாளப் பராமரிப்பு வேலைக்காக ரயில்களை நிறுத்துவது வழக்கம். கிளம்பும் முந்தைய நாள் மறுபடி ஒருமுறை பாருங்கள். கெட்டரிங் நிலையத்திலிருந்து பௌட்டன் ஹவுஸ் ஐந்து கிலோமீட்டர் போல. டாக்ஸி கிடைக்கும்.

விழா தொடங்கும் நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே லண்டனிலோ கெட்டரிங்கிலோ வந்து படுத்துவிடுங்கள். பத்து மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து வந்து அன்றே கூடாரம் அடிப்பவருக்கு முதல் இரண்டு நாள் இசை காதில் ஏறாது.

கூடார வாழ்க்கை

விழாவுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் அங்கேயே புல்வெளியில் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். ஆகஸ்ட் என்றாலும் இரவில் பத்து, பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கும். நம் ஊர் டிசம்பர் விடியற்காலை போலத்தானே என்று எண்ண வேண்டாம், கீழே ஈரத் தரை இருக்கிறது. குளிர் மேலிருந்து வருவதைவிட முதுகுக்குக் கீழிருந்துதான் அதிகம் வரும். நல்ல தூக்கப் பை வாங்குகிறவர்கள் அடியில் விரிக்கும் பாய்க்குப் பணம் செலவழிக்க மறுப்பார்கள். பாயில் சிக்கனம் பார்க்காதீர்கள். கூடாரத்தை இங்கிருந்து சுமக்க வேண்டாம். அங்கே ஆர்கோஸ், டெக்கத்லான் போன்ற கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது. வாங்கும்போது இரட்டைத் துணி உள்ளதாகப் பாருங்கள். அடுப்புக்கான கேஸ் குப்பியை விமானத்தில் எந்தப் பெட்டியிலும் வைக்க அனுமதி இல்லை.

மழை வரும். முதலில் வெளித்துணியின் வாய் காற்றடிக்கும் திசைக்கு எதிர்ப்புறம் பார்க்கும்படி நிறுத்துங்கள். முளைகளைச் செங்குத்தாக அடிக்காமல், தலை கூடாரத்துக்கு வெளிப்புறமாகச் சாய்ந்திருக்கும்படி அடித்தால் கயிறு நழுவாது. கையோ பெட்டியோ பட்டு உள்துணி வெளித்துணியோடு ஒட்டவிடாதீர்கள். ஒட்டிய இடத்தில் ஈரம் ஊறி உள்ளே சொட்டும். காலணிகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாசலுக்கு உள்ளே வையுங்கள். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். சேற்றில் செருப்போடு நடக்க முடியாது.

பெண்களுக்கு ஒரு யோசனை. நான்கு நாளும் சல்வாரோ பேண்ட்டோதான் வசதி. ஆனால் ஒரே ஒரு பட்டுப்புடவையை மடித்து எடுத்துப்போங்கள். ஞாயிறு காலை மற்ற நிகழ்ச்சிகள் எல்லாம் நின்று, விழாவுக்கு வந்தவர்கள் அனைவரும் புல்வெளியில் உட்கார்ந்து ஒன்றாகத் திருவிருந்து எடுப்பார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் அப்பத்தைப் பிட்டுப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கும் அந்த நேரத்துக்கு நீங்கள் உங்கள் ஊர்ச் சபைக்கு உடுத்துவதையே உடுத்துங்கள்.

கழிப்பறைகளில் தண்ணீர் இருக்காது, காகிதம் மட்டும். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் புட்டி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். குளியலறைக்கு வரிசை நீளம். அதிகாலை எழும் நம் பழக்கம் இங்கே கைகொடுக்கும். முட்டிவலி, சர்க்கரை உள்ளவர்கள் கூடாரத்தில் படுத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. கெட்டரிங்கில் பிரீமியர் இன், டிராவல்லாட்ஜ் விடுதிகள் இருக்கின்றன. அவை முதலில் நிரம்பிவிடும் என்பதால் விழாத் தேதி தெரிந்த அன்றே பதிவு செய்யுங்கள். பணத்தைத் திருப்பித் தரும் வகையில் பதிந்தால் விசா வராவிட்டாலும் நஷ்டமில்லை.

நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால் தலை சுற்றும். ஒரு நாளைக்கு மூன்று நிகழ்ச்சிக்கு மேல் குறிக்காதீர்கள்: ஒன்று உங்களுக்குத் தெரிந்த வகை இசை, ஒன்று தெரியாதது, ஒன்று பேச்சு. மிச்ச நேரத்தில் சும்மா நடங்கள். பெரிய மேடையைவிட ஐம்பது பேர் அமரும் சிறு கூடாரங்களில்தான் பாடுகிறவரோடு பேச முடியும்.

பெட்டியில் என்ன

சாப்பாட்டுக் கடைகள் வளாகத்திலேயே உண்டு, சைவமும் கிடைக்கும். ஆனாலும் மூன்றாம் நாள் நாக்கு கேட்கும். பருப்புப்பொடி, இட்லிமிளகாய்ப்பொடி, எலுமிச்சை ஊறுகாய் எடுத்துப்போகலாம். இந்தியாவிலிருந்து போகும் பயணி இறைச்சியோ பால்பொருளோ பிரிட்டனுக்குள் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா, கருவாட்டுக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்த உப்புக்கண்டம் எதுவும் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். மின்சாதனங்களுக்கு மூன்று சதுர முள் கொண்ட பிளக் தேவை.

வாத்தியம் கொண்டுபோகிறவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. பழைய கஞ்சிராக்கள் உடும்புத் தோலால் ஆனவை. உடும்பு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர். அதன் தோலை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது உலக ஒப்பந்தப்படியும் குற்றம். தாத்தா வாசித்த கஞ்சிரா என்று சொன்னாலும் சுங்கத்தில் செல்லாது. ஆட்டுத்தோல் அல்லது செயற்கைத் தோல் கஞ்சிராவை எடுத்துப்போங்கள். மிருதங்கம் என்றால் கெட்டியான பெட்டி, தொப்பிப் பக்கத்துக்குப் பூச ஒரு சிறு பொட்டலம் ரவை. அந்த ஊர்க் குளிரிலும் ஈரத்திலும் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். வாசிப்பதற்கு அரைமணி முன்பே சூடான கூடாரத்துக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

வாத்தியம் இல்லாதவர்களும் பாட்டைக் கொண்டுபோகலாம். இரவு பத்து மணிக்கு மேல் கூடாரங்களுக்கு நடுவே நாற்காலி போட்டு யாராவது கிட்டார் எடுப்பார்கள். நம்மவர்கள் அந்த வட்டத்தில் உட்கார்ந்ததும், அங்குள்ளவர்களுக்குத் தெரிந்த ஆங்கிலப் பாட்டையே பாடி நல்ல பெயர் வாங்கப் பார்ப்பார்கள். அதை அவர்கள் நம்மைவிட நன்றாகவே பாடுவார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1774-ல் பிறந்தவர், கர்நாடக ராகத்தில் கிறிஸ்துவைப் பாடியவர். அவருடைய கீர்த்தனைகளில் ஒன்றைப் பல்லவி, அனுபல்லவி, ஒரே ஒரு சரணம் என்று சுருக்கிப் பாடம் செய்யுங்கள். பல்லவியின் பொருளை இரண்டு வரி ஆங்கிலத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தாளத்தைக் கைதட்டிச் சொல்லிக் கொடுத்தால் இரண்டாம் சுற்றிலேயே வட்டம் முழுக்கச் சேர்ந்துகொள்ளும்.

எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார்கள். லோத்குண்டா என்று சொல்லுங்கள். ஹைதராபாதில் எப்படித் தமிழ் என்ற அடுத்த கேள்விக்கும் பதில் வைத்திருங்கள்: செகந்திராபாத் கண்டோன்மென்ட்டுக்கு மதராஸ் ராணுவத்தோடு வந்த குடும்பங்கள் அல்வால், திருமலகிரி, பொலாரம் என்று தங்கிவிட்ட கதை. பக்கத்துப் பொலாரத்தில் 1847-ல் கட்டிய ஹோலி டிரினிட்டி ஆலயத்தில், 1983 நவம்பரில் எலிசபெத் ராணியும் இளவரசர் ஃபிலிப்பும் தங்கள் திருமண நாள் ஆராதனைக்கு வந்து உட்கார்ந்தார்கள். கிளம்பும் முன் ஒரு ஞாயிறு அந்த ஆலயத்தைப் போய்ப் பாருங்கள். அங்கே சொல்லிப் பேச இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

விழா முடிந்தபின் இரண்டு நாள்

திங்கட்கிழமை கூடாரத்தைச் சுருட்டியதும் விமானத்துக்கு ஓடாதீர்கள். அன்று அங்கே பொது விடுமுறை என்பதால் பல இடங்கள் மூடியிருக்கும். கெட்டரிங்கில் ஓர் இரவு தங்கிச் செவ்வாயன்று ஊரைப் பாருங்கள். இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு இந்தச் சிறு ஊரின் மேல் உரிமை உண்டு. 1792 அக்டோபர் 2 அன்று, லோயர் ஸ்ட்ரீட்டில் வாலிஸ் என்ற விதவையின் வீட்டில் சிலர் கூடி பாப்டிஸ்ட் மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அன்று வாக்களிக்கப்பட்ட காணிக்கை 13 பவுண்ட் 2 ஷில்லிங் 6 பென்ஸ். அந்தக் கூட்டத்தில் இருந்த, முன்பு செருப்புத் தைக்கும் தொழிலாளியான வில்லியம் கேரி மறு ஆண்டே வங்காளம் வந்து சேர்ந்தார். அவர் முயற்சியால் 1818-ல் செராம்பூர் கல்லூரி பிறந்தது. ஹைதராபாதில் ஊழியம் செய்யும் எத்தனையோ ஆயர்களின் பட்டத்தில் இன்றும் செராம்பூரின் பெயர் இருக்கிறது. அந்த வீடு இன்னும் நிற்கிறது, வெளியே நின்று பார்க்கலாம். கோல்ட் ஸ்ட்ரீட்டில் ஆண்ட்ரூ ஃபுல்லர் பெயரில் உள்ள பாப்டிஸ்ட் ஆலயத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

லண்டன் திரும்பும் அதே ரயில் பாதையில்தான் பெட்ஃபர்ட் இருக்கிறது. ஜான் பன்யன் பன்னிரண்டு ஆண்டு சிறையிருந்த ஊர். மோட்சப் பயணத்தைப் பற்றி அவர் 1678-ல் வெளியிட்ட நூலைத் தழுவித்தான் திருநெல்வேலி எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை இரட்சணிய யாத்திரிகத்தைப் பாடினார், 1894-ல் அச்சானது. மில் ஸ்ட்ரீட்டில் பன்யன் அருங்காட்சியகம் இருக்கிறது. வாரத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை, பார்த்துக்கொண்டு இறங்குங்கள். அரைநாள் போதும். மாலை லண்டன் போய்விடலாம்.

குழுவாகப் போக விரும்பும் பாடகர் குழுக்கள் ஆறு பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். விசா ஒவ்வொருவருக்கும் தனித்தனிதான். ஒருவருக்கு மறுத்தாலும் மற்றவர்கள் போவது என்று முதல் நாளே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். பணம் சேர்ப்பது, பாட்டுப் பாடம் செய்வது, சபையில் அனுமதி கேட்பது எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. மண்டல பாஸ்போர்ட் அலுவலகம் செகந்திராபாத்திலேயே இருந்தும் நாம் கடைசி மாதம் வரை தள்ளிப்போடும் வேலை அது. அலமாரியைத் திறந்து, உங்கள் பாஸ்போர்ட் என்றைக்குக் காலாவதியாகிறது என்று இன்றே பாருங்கள்.